சாதிக்குதிரையின் தாய் யார்?



சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மரபுத்தொடர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் 'சாதிக்குதிரை' என்னும் சொல் வந்தது. அதன் பொருள் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். குதிரைப் பந்தயத்தில் ஆர்வமுள்ள மாமா ஒருவரை உடைய மாணவன் துள்ளி எழுந்தான்.

"கலப்பே இல்லாத குதிரை, ஐயா. அதுதான் வேகமாக ஓடும். கலப்புக் குதிரை கடைசியில்தான் வரும்."

சொல்லிவிட்டு அவன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அங்கே ஒரு மாணவன் அமர்ந்திருந்தான். அவனுடைய தந்தை தமிழர், தாய் சீனர். வகுப்பே சிரித்தது. நான் சிரித்தவர்களைக் கண்டித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஓய்வு நேரத்தில் அந்தப் பின்வரிசை மாணவன் என் மேசைக்கு வந்து நின்றான்.

"ஐயா, அவன் சொன்னது உண்மையா? கலப்பு என்றால் மெதுவாகத்தான் ஓடுமா?"

அவன் கேட்டது குதிரையைப் பற்றியது அன்று என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அப்படியெல்லாம் இல்லை, போ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. ஏன் இல்லை என்று அவன் கேட்டிருந்தால், சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. ஆகவே படிக்கத் தொடங்கினேன். படித்ததை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

பெரியப்பா சொன்ன கதை

எங்கள் குடும்பத்துக்கும் பந்தயக் குதிரைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. என் பெரியப்பா சிங்கப்பூர் புக்கிட் தீமா பந்தயத் திடலில் குதிரை பராமரிப்பவராக வேலை செய்தார். 'சைஸ்' என்று அந்த வேலைக்குப் பெயர். விடுமுறை கிடைத்தால் பாலம் கடந்து ஜொகூரில் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வருவார். குதிரையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "எல்லாம் மூணு அரபுக் குதிரையோட வம்சம்டா" என்பார். அவருக்கு அது வேதவாக்கு.

சிங்கப்பூரில் குதிரைப் பந்தயச் சங்கம் 1842இல் தோன்றியது. முதல் பந்தயம் 1843இல் நடந்தது. தேக்கா வட்டாரத்தில் இன்றும் இருக்கும் 'ரேஸ் கோர்ஸ் ரோடு' அந்தப் பழைய திடலின் நினைவுதான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் நம் பாலத்துக்கு அருகில் உள்ள கிராஞ்சிக்கும் மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. ஏறத்தாழ 180 ஆண்டுக் கதை அன்றோடு முடிந்தது. லார்க்கினில் 170ஆம் எண் பேருந்தில் ஏறிக் கிராஞ்சியில் இறங்கி வேலைக்குப் போன ஜொகூர்த் தமிழர்களுள் பலர் அந்தத் திடலைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

இந்த நெடுங்கதையில் ஒன்றைக் கவனித்தேன். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஓடிய குதிரைகள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. தொடக்கத்தில் அண்டை நாடுகளின் மட்டக்குதிரைகள். பின்னர் ஆஸ்திரேலியக் குதிரைகள். அந்த ஆஸ்திரேலியக் குதிரைக்கு 'வேலர்' என்று பெயர். முருகன் பெயர்போல் ஒலித்தாலும், நியூ சவுத் வேல்ஸ் என்னும் ஊர்ப்பெயரில் இருந்து இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. தென்னாப்பிரிக்காவின் கேப் குதிரை, அரபுக் குதிரை, திமோர் மட்டக்குதிரை, ஆங்கிலப் பந்தயக் குதிரை எனப் பல இனங்கள் கலந்து உருவானது வேலர். வெயிலையும் நெடும்பயணத்தையும் தாங்கும் குதிரை என்று பெயர் பெற்றதால், இந்தியப் படைகளுக்காக ஆயிரக்கணக்கில் கப்பலேறியது. அவற்றுள் பல சென்னைத் துறைமுகத்திலும் இறங்கின.

பாண்டியர் வாங்கிய குதிரைகள்

குதிரையைக் கடல்வழி வாங்குவது தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகர் கதையும், நரி பரியான கதையும் நம் மாணவர்களுக்குத் தெரியும். அமைச்சரே பொன்மூட்டையோடு கடற்கரைக்குப் போகும் அளவுக்குக் குதிரை அரசின் பெருஞ்செலவாக இருந்தது என்பதை அந்தக் கதை காட்டுகின்றது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தைக் கண்டு எழுதினார். பாண்டிய அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளும் அதற்கு மேலும் வாங்கினர் என்கின்றார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் இன்னும் பெரிய கணக்குத் தருகின்றார்: ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவில் இருந்து மட்டும் 1,400 குதிரைகள். எண்கள் சற்று மிகையாகவே இருக்கலாம். ஆனால் வணிகத்தின் அளவு புரிகின்றது.

ஏன் ஆண்டுதோறும் வாங்க வேண்டும்? வாங்கிய ஈராயிரத்தில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கின்றார் மார்க்கோ போலோ. குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இல்லை என்றும், சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துத் தீனியாகக் கொடுத்தனர் என்றும் எழுதுகின்றார். வறுத்த தானியமும், வெண்ணெயில் சமைத்த தானியமும், காய்ச்சிய பாலும் கொடுத்ததாக வசாஃப் எழுதுகின்றார். பசும்புல்லும் திறந்த வெளியும் வேண்டிய விலங்குக்கு நாம் விருந்து படைத்திருக்கின்றோம்! இன்னும் வியப்பான செய்தி, உயர்ந்த ஆண் குதிரையையும் உயர்ந்த பெண் குதிரையையும் சேர்த்தாலும் அந்த மண்ணில் கால் கோணிய நோஞ்சான் குட்டிதான் பிறந்தது என்பது.

இங்கே எனக்கு முதல் பாடம் கிடைத்தது. பாண்டியர் வாங்கியவை அந்நாளின் மிக உயர்ந்த குதிரைகள். தாயும் தந்தையும் கலப்பில்லாத உயர்ந்த குருதிதான். ஆயினும் தீனியும் மேய்ச்சலும் பராமரிப்பும் இல்லாதபோது அந்தக் குருதியால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

மூன்று தந்தையர்

இனி, பெரியப்பாவின் 'மூணு அரபுக் குதிரை'க்கு வருவோம்.

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே பந்தயம் அரசர்களின் விளையாட்டாகிவிட்டது. உள்ளூர்க் குதிரைகளோடு கீழைநாட்டுக் குதிரைகளைச் சேர்த்துக் குட்டி ஈனச் செய்தால் நல்ல பந்தயக் குதிரை கிடைப்பதைச் செல்வர்கள் கண்டனர். துருக்கி, சிரியா, வட ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் இருந்து ஆண் குதிரைகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுள் மூன்று வரலாற்றில் நிலைத்தன.

ஒன்று, பயர்லி டர்க். ராபர்ட் பயர்லி என்னும் படைத்தலைவரின் போர்க்குதிரை. 1690இல் அயர்லாந்தின் பாயின் ஆற்றங்கரைப் போரில் அவரைச் சுமந்தது. இரண்டு, டார்லி அராபியன். சிரியாவின் அலெப்போவில் இருந்த தாமஸ் டார்லி 1704இல் யார்க்‌ஷயருக்கு அனுப்பிவைத்த குதிரை. மூன்று, கொடால்ஃபின் அராபியன். துனிசியாவில் இருந்து பிரான்சு வழியாக 1729ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துக்கு வந்தது.

உலகில் இன்று 'தரோபிரெட்' என்று பதிவாகும் ஒவ்வொரு பந்தயக் குதிரையின் தந்தைவழியும் இந்த மூன்றில் ஒன்றில் போய் முடிகின்றது. அதிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு டார்லி அராபியனில் முடிகின்றது. அந்த வழியில் 1764இல் சூரிய கிரகணத்தின்போது பிறந்து, அதனாலேயே 'எக்லிப்ஸ்' என்று பெயர் பெற்ற குதிரை, ஓடிய 18 பந்தயங்களிலும் தோற்கவில்லை.

1791இல் இந்தக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேடு இங்கிலாந்தில் நூலாக வந்தது. தாயும் தந்தையும் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கும் இடம் என்பது நாளடைவில் விதியானது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் திட்டமிட்டுக் கலந்து உருவாக்கிய குதிரைக்குத்தான் கலப்பற்ற குதிரை என்று பெயர் வைத்தார்கள்! நாம் சொல்லும் சாதிக்குதிரை இதுதான்.

பதிவேட்டில் பெயரில்லாதவை

அந்தப் பழைய பதிவேட்டில் ஒரு குறை உண்டு. தந்தையரின் பெயர், ஊர், உரிமையாளர், நிறம் எல்லாம் கதைகதையாக இருக்கும். தாய்க் குதிரைகள் பலவற்றுக்குப் பெயரே இல்லை. 'இன்னாருடைய குதிரை', 'இன்ன குதிரையின் மகள்' என்பதோடு சரி. அவை எங்கிருந்து வந்தன என்பதும் தெளிவாக இல்லை.

அந்தத் தாய்களைப் பற்றி நம் காலத்து மரபியல் பேசத் தொடங்கியது. குட்டிக்குத் தாயிடம் இருந்து மட்டுமே வரும் ஒருவகை மரபணு உண்டு. அதனை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, இன்றைய பந்தயக் குதிரையின் தாய்வழி பல இடங்களில் இருந்து வந்தது என்றும், பிரித்தானிய, அயர்லாந்து உள்ளூர்ப் பெண் குதிரைகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்றும் காட்டியது.

அதற்கு முந்தைய ஆண்டு, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் எம்மலின் ஹில் அம்மையாரும் குழுவினரும் 'வேக மரபணு' என்று செய்தித்தாள்கள் அழைத்த ஒன்றைக் கண்டறிந்திருந்தனர். தசை எவ்வளவு வளர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மரபணு அது. அதில் 'சி', 'டி' என இரு வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு குதிரையும் தாயிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாக இரண்டு பெறும். இரண்டும் 'சி' ஆனால் திரண்ட தசையோடு குறுந்தொலைவில் சீறிப் பாயும். இரண்டும் 'டி' ஆனால் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட நெடுந்தொலைவில் நின்று ஓடும். ஒன்று அது, ஒன்று இது என்றால் நடுத்தொலைவுக்கு ஏற்றது.

இவற்றுள் குறுந்தொலைவு வேகத்தைத் தரும் 'சி' வடிவம் எங்கிருந்து வந்தது? 2012இல் அதே அயர்லாந்து ஆய்வாளர்களும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து பழைய குதிரைகளின் எலும்புகளையும் பல்வேறு இனக் குதிரைகளையும் ஆராய்ந்தனர். அந்த வடிவம் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பு ஒரே ஒரு குதிரையின் வழியாகப் பந்தய இனத்துக்குள் நுழைந்திருக்கின்றது. அது பெரும்பாலும் பிரித்தானிய உள்ளூர்ப் பெண் குதிரையாகவே இருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. ஆராய்ந்த இனங்களுள் அந்த வடிவம் மிகுதியாகக் காணப்பட்ட ஒன்று எது தெரியுமா? ஷெட்லாண்ட் மட்டக்குதிரை! குழந்தைகளை ஏற்றிச் சுற்றிவரும் அந்தக் குட்டையான குதிரைதான்.

தந்தையர் கதையும் மாறிவிட்டது. 2017இல் ஆண்வழி மரபணுவை ஆராய்ந்தபோது, டார்லி அராபியனின் வழி நடு ஆசியாவின் துருக்மன் குதிரைகளோடு சேர்ந்தது எனத் தெரிந்தது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, இன்றைய பந்தயக் குதிரையில் அரபு இனத்தின் பங்கு குறிப்பிடத்தக்க அளவில் காணப்படவில்லை என்றது. பெரியப்பா இன்று இருந்தால் என்னோடு சண்டைக்கு வந்திருப்பார்.

கலப்பு வேகத்தை என்ன செய்கின்றது?

அப்படியானால் கலந்தால் வேகம் கூடும் என்று சொல்லிவிடலாமா? அதுவும் பிழை.

இன்றைய பந்தயக் குதிரையோடு அரபுக் குதிரையைச் சேர்த்தால், குட்டி பொதுவாகப் பந்தயக் குதிரையை முந்தாது. 160 கிலோமீட்டர் நெடும்பயணப் போட்டியிலோ அரபுக் குதிரைக்கு நிகர் அரிது. அமெரிக்காவில் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பந்தயக் குதிரைகளை அங்கிருந்த குதிரைகளோடு கலந்தனர். அதிலிருந்து 'குவார்ட்டர்' குதிரை உருவானது. கால் மைல், அதாவது 400 மீட்டர் தொலைவில் அது சாதிக்குதிரையையே முந்திவிடும். 2,400 மீட்டர் என்றால் சாதிக்குதிரைதான் முன்னால் நிற்கும்.

எனவே 'எது வேகமான குதிரை?' என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. எவ்வளவு தொலைவுக்கு என்றும் கேட்க வேண்டும். கலப்பு புதிய பண்புகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. எதை வளர்ப்பது, எதை விடுவது என்பதைப் பல தலைமுறைத் தேர்வு முடிவு செய்கின்றது. அந்தப் பழைய 'சி' வடிவத்தையே பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுப் பந்தயங்கள் நான்கு மைல் ஓட்டங்கள். அதற்கு அந்தப் பண்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பின்னர்ப் பந்தயத் தொலைவு குறைந்தது, இளங்குதிரைகளை ஓடவிட்டனர். அப்போதுதான் அது மதிப்புப் பெற்றது. 1954இல் கனடாவில் பிறந்த நியர்க்டிக் என்னும் குதிரையின் வழியாகவும், அதன் மகனான நார்தர்ன் டான்சரின் வழியாகவும் அது உலகெங்கும் பரவியது.

மூடிய கதவு

பதிவேட்டின் கதவை மூடியதால் விளைந்தது என்ன? ஒரே மாதிரியான, நம்பத்தக்க வேகம் கிடைத்தது உண்மை. ஆனால் இன்று உலகின் பந்தயக் குதிரைகளில் ஏறத்தாழ 97 விழுக்காட்டின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருக்கின்றது என 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அரை நூற்றாண்டாக உறவுக்குள் கலப்பது கூடிக்கொண்டே வந்திருக்கின்றது என்றும் அது எச்சரித்தது. உறவுக் கலப்பு மிகுந்த குதிரைகள் பந்தயத் திடலுக்கு வந்து ஓடும் வாய்ப்பே குறைகின்றது என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. 1973இல் செக்ரட்டேரியட் என்னும் குதிரை அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடியது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பந்தயத்தில் யாரும் அதை முறியடிக்கவில்லை.

மீண்டும் வகுப்பறை

இத்தனையும் படித்து முடித்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அதே வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். வெண்பலகையில் மூன்று தந்தையரின் பெயர்களை எழுதினேன். அவற்றுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டேன். அந்த இடத்தில் இருக்க வேண்டியது பெயர் எழுதப்படாத தாய் என்றேன். கலப்பே இல்லாதது என்று நாம் பெருமையாகச் சொல்லும் குதிரை கலப்பில் பிறந்தது என்றேன். துள்ளி எழுந்த மாணவன் வாயைத் திறக்கவில்லை. அவன் மீதும் எனக்குச் சினமில்லை. அவன் கேட்டதைத்தான் சொன்னான். அந்த வயதில் நானும் பெரியப்பாவிடம் கேட்டதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொன்னேன். மனிதன் குதிரை அல்லன். குதிரையை விற்கவும் வாங்கவும் பந்தயம் கட்டவும்தான் மனிதன் அதற்கு வம்சாவளி எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனை அந்த ஏட்டில் வைத்துப் பார்ப்பது அறிவும் அன்று. தமிழ்ப் பண்பும் அன்று.

மணி அடித்தது. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினர். பின்வரிசை மாணவன் மட்டும் வெண்பலகையைப் பார்த்தபடி நின்றான்.

"ஐயா, அந்த அம்மா குதிரையின் பெயரைக் கண்டுபிடிக்கவே முடியாதா?"

"முடியாது. யாரும் எழுதி வைக்கவில்லை."

சற்று யோசித்தான். "எழுதியிருக்கலாம், ஐயா" என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த தன் தாயை நோக்கி ஓடினான்.

அடுத்த வாரம் அவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி உண்டு. தலைப்பை அப்போதே முடிவு செய்துவிட்டேன்: 'என் தாய்வழிப் பாட்டி.' பெயரை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்பது விதி.

உங்கள் தாய்வழிப் பாட்டியின் தாயின் பெயர் உங்களுக்குத் தெரியுமா, நண்பர்களே? எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.